கோமுவுக்குச் சொல்ல வேண்டியது

ஜனவரி 6, திங்கள்

காய்ச்சல் வந்தால் தேதி, நேரம், அளவு மூன்றையும் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர் மெர்லின். அதற்காகத்தான் இந்த நோட்டு. மதுரையிலிருந்து திரும்பும்போது பேருந்து நிலையத்துக் கடையில் வாங்கினேன். அட்டையில் குதிரைப் படம். வேறு அட்டை இல்லை என்றார் கடைக்காரர்.

காலை 98.4. மாலை 99.0.

சால்மொனெல்லா என்ற கிருமி என் ரத்தத்துக்குள் வந்தது இரண்டு வருடத்தில் இது மூன்றாவது முறை. அதற்கு முன்னால் கழுத்தில் கட்டி; பதினொரு வயதில் ஒருமுறை, பத்தொன்பதில் ஒருமுறை, இருபத்தெட்டில் உடைந்து வழிந்தது ஒருமுறை. ஒவ்வொரு முறையும் டி.பி. என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் மெர்லின் என் பழைய சீட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கிருமி என்னன்னு எல்லாரும் பார்த்திருக்காங்க வடிவு. அது ஏன் உங்ககிட்டயே வருதுன்னு யாரும் பார்க்கல" என்றார்.

பிறகு வீட்டைப் பற்றிக் கேட்டார். அப்பாவும் அம்மாவும் சொந்தமா? ஆமாம், அத்தை மகன், மாமன் மகள். இப்போது இருக்கிறார்களா? இல்லை. உடன்பிறந்தவர்கள்? ஒரு தங்கை, கோமதி, எனக்குக் கோமு, தென்காசியில் இருக்கிறாள்.

"அவங்களுக்கு ஏதாவது?"

"அவளுக்குச் சளி, தடுமன்கூட வந்ததில்ல டாக்டர்."

ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து வாரம் ஆகுமாம்.

ஜனவரி 9

99.2. சாயங்காலம் துணி துவைத்தேன்.

பால் குளிரூட்டும் நிலையத்தில் இன்றுதான் திரும்ப வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று முறை சோதித்துக் கிருமி இல்லை என்ற சான்றைக் கொடுத்த பிறகே ஆய்வகச் சாவியைத் தந்தார்கள். அது சரிதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஊர் ஊராக வரும் பாலில் ஒரு குழாய் எடுத்து நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு வெந்நீர்த் தொட்டியில் வைப்பது என் வேலை. கிருமி அதிகம் இருந்தால் நீலம் சீக்கிரம் வெளுத்துவிடும். நல்ல பால் ஐந்து மணி நேரம்கூட நீலமாகவே நிற்கும். சங்கரன்கோவிலில் பன்னிரண்டு வருடமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 14

பொங்கல். ஒரு ஆழாக்கு அரிசி போட்டேன். மிஞ்சிவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

98.6. பரணைச் சுத்தம் செய்தேன். பெட்டியில் இருந்த அரக்குப் பட்டுச்சேலையை எடுத்து மடிப்பு மாற்றி வைத்தேன். வருடம் ஒருமுறை மாற்றாவிட்டால் சரிகை மடிப்போடு உடைந்துவிடும். கட்டியது ஒரே ஒரு நாள்தான். புதிதாகவே இருக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடலாம்.

ஜனவரி 27

மதியம் சாப்பிடும்போது ரஹ்மத் ஒரு சேதி சொன்னாள். ரஹ்மத் பால் அளக்கும் பிரிவில் இருக்கிறாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஆள். அவள் நாத்தனாருக்குப் பிரசவம் பார்க்கத் தென்காசிக்குப் போயிருந்தாளாம்.

"அங்க உங்க தங்கச்சியப் பாத்தேன்க்கா. வயிறு இந்தா இப்படி. மார்ச்சுலன்னு சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்" என்றேன்.

வளைகாப்பு நடந்து முடிந்திருக்க வேண்டும். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

99.4.

பிப்ரவரி 12, புதன்

மதுரை. ரத்த முடிவு வந்துவிட்டது.

டாக்டர் ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினார். ஒரு அணு கிருமியை விழுங்குகிறது. விழுங்கினாலும் தனியாகக் கொல்ல முடியாது. அதனால் ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியை வாங்கிக்கொண்ட இன்னொரு அணுதான் கொல்வதற்கான பலத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். "உங்க உடம்புல முதல் அணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. ரெண்டாவது அணுவுக்கு அதை வாங்கிக்கிற உறுப்பு இல்ல. அந்த உறுப்பைச் செய்யச் சொல்ற மரபணு பழுது. எல்லாக் கிருமிக்கும் இல்ல. டி.பி. குடும்பத்துக் கிருமிங்க, சால்மொனெல்லா, இந்த மாதிரி சிலதுக்கு மட்டும்தான்."

ஒவ்வொருவருக்கும் அந்த மரபணு இரண்டு பிரதி உண்டாம், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானால் தெரியாது. எனக்கு இரண்டுமே பழுது. அப்பாவும் அம்மாவும் ஒரே தாத்தாவிடமிருந்து வந்தவர்கள் என்பதால் ஒரே பழுது இரண்டு பக்கமும் வந்திருக்கலாம் என்றார்.

"அப்ப இது தொத்துற நோய் இல்லையா?"

"உங்களைத் தொட்டா யாருக்கும் எதுவும் வராது வடிவு. எந்தக் காலத்துலயும் வந்திருக்காது."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

மருந்து இருக்கிறது. உடம்பு செய்ய வேண்டிய அந்தப் பொருளையே ஊசியாக வாரம் மூன்று நாள் தொடையில் போட்டுக்கொள்ளலாம். பச்சைப் பால், அரைவேக்காட்டு முட்டை கூடாது.

எழுந்திருக்கும்போது, தங்கைக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டார். ஒரு பையன் இருந்தான், ஏழு மாதத்தில் இறந்துவிட்டான், இப்போது மறுபடி நிறைமாதம் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எப்படி இறந்தான்? காய்ச்சல், ஈரல் வீக்கம், கக்கத்தில் கட்டி. எந்தப் பக்கம்? இடது. அவள் கணவர் சொந்தமா? அத்தை மகன். அப்பாவின் கூடப்பிறந்தவளின் மகன்.

பிறந்தவுடன் இடது தோளில் போடுகிறார்களே, அந்த பி.சி.ஜி. ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமியாம். பலம் குறைத்த கிருமி. கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றுகிற ஊசி. ஆனால் என்னைப் போன்ற உடம்போடு பிறக்கும் ஒரு குழந்தைக்கு அதுவே நோயாகப் பரவிவிடலாம். "அந்தப் பையனுக்கு அதுதான்னு இப்ப என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா வரப்போற குழந்தைக்கு ரத்தம் பார்க்காம அந்த ஊசி போடக்கூடாது. உடனே தங்கைகிட்டச் சொல்லுங்க" என்றார். பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

பிப்ரவரி 13

நிலையத்தில் வேலை அதிகம். போன் செய்ய நேரம் இல்லை.

பிப்ரவரி 15

ஊசி வந்துவிட்டது. ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்கள். நானே போட்டுக்கொண்டேன். போட்ட பிறகு உடம்பு வலி, குளிர். 100.2. இது வரும் என்று சொல்லியிருந்தார்கள். வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் இல்லாததால் ஃப்ளாஸ்க்கில் முன்னாலேயே ஊற்றி வைத்திருந்தேன்.

பிப்ரவரி 18

கோமுவின் நம்பருக்கு இரண்டு முறை அடித்தேன். ஒரு மணி அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. ரஹ்மத் போனிலிருந்து அடித்தால் நன்றாக மணி அடிக்கிறது. எடுப்பதற்குள் நான் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20

எப்படிச் சொல்வது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மூன்று தாள் கிழித்துப் போட்டேன்.

கோமுவின் மூத்த பையன் பிரணவின் பேர்வைப்பு விழாவுக்கு நான் போயிருந்தேன். அவள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனது அந்த ஒரு முறைதான். கழுத்தைச் சேலையால் மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பிள்ளை அழுதான், பக்கத்தில் யாரும் இல்லை, தூக்கிவிட்டேன். அரை மணி நேரம் என் தோளிலேயே தூங்கினான். ஆறு மாதம் கழித்து அவன் போனபோது, அந்த அரை மணி நேரம்தான் காரணம் என்று அத்தை, கோமுவின் மாமியார், சொன்னாள். கோமு இல்லை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாதே. மூன்று வருடமாகத் தெரியாது.

இப்போது சொன்னால், நான் காரணம் இல்லை என்பது கோமுவுக்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் சொல்ல வருகிறேன் என்று நினைப்பாள். அதற்காக இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கோமுவின் கணவருக்குப் போன் செய்தேன். ரஹ்மத் போனிலிருந்து.

"யாரு?"

"வடிவு பேசுதேன்."

பின்னால் டி.வி. சத்தம் கேட்டது. "சொல்லு."

டாக்டர் சொன்னதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசவில்லை.

"இப்ப எதுக்கு இதெல்லாம் வடிவு? அவ நிறைமாசக்காரி. பழசக் கிளறாத."

"இது பழசு இல்ல. பொறக்கப்போற பிள்ளை விஷயம்."

"ஊசி போடலன்னா டி.பி. வந்துராதா? எல்லாப் பிள்ளைக்கும் போடுதாங்கல்லா?"

"எல்லாப் பிள்ளைக்கும் அது நல்லதுதான். நம்ம குடும்பத்துக்கு மட்டும் ரத்தம் பாத்துட்டுப் போடணும்."

நம்ம குடும்பம் என்ற சொல் எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"நீ அவகிட்டச் சொல்லாத. நான் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

இதே சொல்லை இதே குரலில் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால், அவருக்கும் எனக்கும் நிச்சயம் ஆகி இருபது நாளில் என் கழுத்துக் கட்டி உடைந்தபோது. அம்மா வேண்டாம்னு சொல்லுதா, நான் பாத்துக்கிடுதேன், நீ கவலைப்படாத என்றார். அதற்கு அடுத்த மாதம் அதே மண்டபத்தில் அவருக்கும் கோமுவுக்கும் கல்யாணம் நடந்தது. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் வீணாகவில்லை என்று அப்பா சொன்னார்.

லிங்கம் அத்தான் கெட்டவர் இல்லை. பார்த்துக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

மார்ச் 2, ஞாயிறு

தென்காசி போய் வந்தேன்.

அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். கோமுதான் கதவைத் திறந்தாள். கால் இரண்டும் வீங்கி, முகம் ஊதி, அம்மாவின் கடைசிக் காலத்து முகம் மாதிரி இருந்தது. என்னை உள்ளே கூப்பிடவில்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். காகிதக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"உங்க வீட்ல எதுவும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லணும்?"

சொன்னேன். டாக்டர் போட்ட இரண்டு வட்டத்தையும் தரையில் விரலால் போட்டுக் காட்டினேன். கோமு வட்டத்தைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ தூக்குனதால அவன் சாகலன்னு சொல்ல வந்திருக்க."

"வரப்போற பிள்ளைக்கு ஊசி போட வேண்டாம்னு சொல்ல வந்திருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான."

வட்டம் போட்ட விரலைச் சேலையில் துடைத்தேன்.

"அப்ப என் உடம்புலேருந்துதான் அவனுக்கு வந்துச்சா?"

யார் மேலும் தப்பில்லை என்று ஆரம்பிக்கத்தான் ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் வந்தது வேறு. "உங்கிட்டேருந்து ஒண்ணு, அத்தான்கிட்டேருந்து ஒண்ணு. நமக்கு அம்மாவும் அப்பாவும் குடுத்தாங்கல்லா, அது மாதிரி. தெரிஞ்சா குடுத்தாங்க?"

கோமு வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். தெருவில் ஒரு உப்பு வண்டி போனது.

"அவனுக்கு நர்ஸ் அந்த ஊசி போடும்போது கைய அசைக்காமப் பிடிச்சுக்கிட்டது நாந்தான்" என்றாள். பிறகு, "நீ போயிரு யக்கா. அத்தை வந்துரும்."

டாக்டர் கடிதத்தை நாற்காலியில் வைத்து, அதன் மேல் காகிதக் கோப்பையை வைத்துவிட்டு வந்தேன். தண்ணீர் குடிக்கவில்லை. குடித்திருக்கலாம்.

பேருந்தில் சுரண்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். 99.8.

மார்ச் 5

ஊசி. 100.0. கஞ்சி.

மார்ச் 11

ஒரு போனும் இல்லை. சமையல் மேடைக்குக் கீழே கரப்பான் மருந்து அடித்தேன். ரஹ்மத் கேட்டாள், "யாராவது வரப்போறாங்களாக்கா, வீட்ட இப்படிச் சுத்தம் பண்ணுதீங்க?" இல்லை என்றேன்.

மார்ச் 17, திங்கள்

மாலை ஐந்தரைக்கு அத்தான் போன் செய்தார். பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. மதியம் பிறந்திருக்கிறது.

"ஊசி?" என்றேன். வாழ்த்துச் சொல்ல மறந்துவிட்டேன்.

"அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நர்ஸ் டிரேய எடுத்துட்டு வந்தாங்க. எங்கம்மா பிள்ளையக் கையில வச்சிருந்தா. காந்தலா வலிக்கும்னு பிள்ளை கையப் பிடிச்சா. கோமு படுத்த இடத்துலேருந்து எந்திரிச்சு... தையல் போட்டு ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு, எந்திரிச்சு வந்து நடுவுல நின்னுக்கிட்டா. வேண்டாம்னு சத்தம் போட்டா. எங்கம்மா, நர்ஸு, எல்லாரும் திட்டுனாங்க. தலையணை அடியில ஒரு லெட்டர் வச்சிருந்தா. அத எடுத்துக் குடுத்துட்டுத்தான் படுத்தா."

"நீங்க எங்க நின்னீங்க?"

"வாசல்ல" என்றார்.

பெரிய டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு மதுரைக்குப் பேசினாராம். குழந்தைக்கும் கோமுவுக்கும் அத்தானுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பப்போகிறார்கள். எந்த இடத்தில் பழுது என்று என் ரத்தத்தில் தெரிந்துவிட்டதால் சீக்கிரம் வந்துவிடும் என்றாராம்.

கோமு ஏதாவது சொன்னாளா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

98.6.

மார்ச் 30

யுகாதி விடுமுறை இங்கே கிடையாது. பால் நிற்பதில்லை.

ஏப்ரல் 8

கீழவீட்டில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள். சேலை ஆடும்போது கொக்கி கிரீச்சிடுகிறது. எண்ணெய் விடச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அது நின்றதும் வீடு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

ஏப்ரல் 23, புதன்

டாக்டர் எல்லாரையும் ஒன்றாக வரச் சொல்லியிருந்தார். நான் பேருந்தில் போனேன். அவர்கள் வாடகைக் காரில் வந்திருந்தார்கள். ஒரே அறையில் நான்கு நாற்காலி. கோமு எனக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள். நடு நாற்காலியில் குழந்தையின் பை இருந்தது.

அத்தானுக்கு ஒரு பிரதி பழுது. குழந்தைக்கு இரண்டும் பழுது. கோமு கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் நிறுத்தாமல் சொன்னார்: "ஊசி போடாததால இப்ப இவளுக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்கா. என்ன வரலாம்னு நமக்கு முன்னாலேயே தெரியும். வந்தா என்ன குடுக்கணும்னும் தெரியும். வடிவுக்கு முப்பத்தாறு வருஷம் இது தெரியாம இருந்தது. அந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு."

பிறகு ஒரு தாளைத் திருப்பினார். "கோமதி, உங்களுக்கும் ரெண்டு பிரதியும் பழுது. உங்க அக்காவுக்கு இருக்கிற அதே இடத்துல."

"எனக்கா? எனக்கு எதுவுமே வந்ததில்லையே."

"ஆமா. இதே பழுது இருந்தும் நோயே வராதவங்க சிலர் இருக்காங்க. உங்களுக்கும் சின்ன வயசுல அந்த ஊசி போட்டிருக்கு, ஒண்ணும் ஆகல."

"அப்ப அவளுக்கு மட்டும் ஏன் வந்துச்சு?"

"தெரியல" என்றார் டாக்டர். "முழுசா இன்னும் யாருக்கும் தெரியல."

வெளியே வந்ததும் நான் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பார்த்தேன். கோமு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டு, "சங்கரன்கோவில் வழியாத்தான் போறோம்" என்றாள். அது சுற்று வழி. அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு முன் இருக்கையில் ஏறினார்.

கார் திருமங்கலம் தாண்டியது. ஜன்னல் காற்றில் சேலைத் தலைப்பு நழுவியதை நான் கவனிக்கவில்லை. கோமு என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடத்தில் அவள் அதை நேராகப் பார்த்ததில்லை.

"இவளுக்கும் இப்படி ஆயிருமா?"

"ஆக விடமாட்டாங்க. ஆரம்பத்துலயே பிடிச்சுருவாங்க."

"உனக்கு அப்ப வலிச்சுதா?"

"வலிச்சுது."

"நீ ஒண்ணுமே சொல்லலியே."

"யாரும் கேக்கலியே ஏட்டி."

ஏட்டி என்று அவளைக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிருஷ்ணன்கோவில் வந்தபோது, "கை மரத்துப்போச்சு, செத்த நேரம் பிடி" என்று குழந்தையை என் மடியில் வைத்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். சங்கரன்கோவில் வரும்வரை அவள் திரும்பக் கேட்கவில்லை. தூங்கிவிட்டாள்.

ஏப்ரல் 24

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். கோமுவுக்கும் இரண்டு பிரதி பழுது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. நிச்சயத்துக்கு அரக்குச் சேலை கட்டி நின்ற அன்று என்னிடம் இருந்தது அவளிடமும் இருந்திருக்கிறது. எனக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அதன் பேரில் ஒருத்தி மணமேடைக்குப் போனாள், ஒருத்தி பரணில் சேலையை வைத்தாள். எனக்கு வருத்தம் இல்லை என்று இந்த நோட்டில் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன் என்று தெரியவில்லை. இருந்தது. நிறைய இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு நொடிதான் இருந்தது. அடுத்த நொடி அவள் முகத்தைப் பார்த்தேன்.

மே 4, ஞாயிறு. தென்காசி

நேற்றுக் காலை ஏழு மணிக்குக் கோமு போன் செய்தாள். அவள் நம்பரிலிருந்தே.

"யக்கா, பிள்ளைக்கு உடம்பு சுடுது. அத்தை ஒண்ணுமில்லங்கா. தெர்மாமீட்டர் பாக்க எனக்குத் தெரியல."

கக்கத்தில் தெர்மாமீட்டரை எத்தனை நிமிடம் வைப்பது, எப்படிப் படிப்பது என்று சொன்னேன். 100.6. பால் குடிக்கிறாளா? குடிக்கிறாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, டாக்டர் மெர்லினுக்கு நான் பேசுகிறேன், புறப்பட்டு வாரேன் என்றேன். ஆய்வகச் சாவியை ரஹ்மத்திடம் கொடுத்தேன். பன்னிரண்டு வருடத்தில் சொல்லாமல் எடுத்த முதல் விடுப்பு.

ரத்தம் பார்த்தார்கள். கிருமி எதுவும் இல்லை. சாதாரணச் சளிக் காய்ச்சல்தான், இரண்டு நாளில் போய்விடும் என்றார்கள். டாக்டர் மெர்லினும் போனில் அதையே சொன்னார். மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டோம். அத்தை என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். வீட்டுத் தட்டில்தான் சோறு போட்டாள்.

இன்று காலை பிள்ளைக்கு 99.1. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து இந்த நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறாள் கோமு. அடுத்த பக்கத்தில் கோடு போட்டுப் பிள்ளையின் பெயரை எழுதினேன்: ஆதிரா. அவளுக்கு இதுதான் பெயர் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

இதற்கு மேல் எழுத முடியாது. அவள் எழுந்துவிட்டாள், கோமு குளிக்கப் போயிருக்கிறாள், தூக்க நான்தான் இருக்கிறேன்.